ஒரு போசிக் கடலைக்காயும் எங்கள் வீட்டு வயிற்றுவலியும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம். ஒரு வேப்பமரம், அதன் கீழே நாலு சக்கரத் தள்ளுவண்டி, வண்டிமேல் இரண்டு அலுமினியக் குண்டா, ஓர் இரும்புச் சட்டி, ஒரு கூடை எலுமிச்சம்பழம். நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. கொண்டைக்கடலைச் சுண்டல் 15 ரூபாய், தட்டைப்பயறு 15, அவித்த கடலைக்காய் ஒரு உழக்கு 20, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஒரு துண்டு 10. சனிக்கிழமை மட்டும் கொள்ளு. நாலு மாதமாக வாரத்தில் நாலைந்து நாள் போய்க்கொண்டிருக்கிறேன். சுண்டல் வண்டிக்கெல்லாமா விமர்சனம் என்று கேட்காதீர்கள். பஃப்ஸ் கடைகளுக்கு ஆளாளுக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறோமே, அப்போது யாரும் கேட்கவில்லை.

நான் அங்கே போகத் தொடங்கியது ருசிக்காக அல்ல. என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன வருடக் கடைசியில் மூன்று வாரம் தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று நானே ஒரு நாள் சத்தம் போட்டேன். அப்புறம் குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வயிற்றை இடது பக்கம் கீழே அழுத்திப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாப்பா எத்தனை நாளைக்கு ஒருக்கா டாய்லெட் போறா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையின் மார்க் தெரியும், உயரம் தெரியும், பிடித்த கார்ட்டூனின் பெயர்கூடத் தெரியும். இது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பதில் சொன்னது பாப்பாதான், தரையைப் பார்த்துக்கொண்டே: "நாலு நாளைக்கு ஒருக்கா. சில சமயம் அஞ்சு."

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். போர்வெல் மோட்டார் எரிந்து வந்தால் காயிலைப் பிரிப்பதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "கிணத்துல தண்ணி இருந்துச்சுங்களா?" என்பதுதான். டாக்டரும் அதையேதான் கேட்டார். ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் மாலையில் எப்படி வருகிறது என்று. என் மனைவி சொன்னாள், பாதிக்கு மேல் அப்படியே வரும் என்று. ஏன் குடிப்பதில்லை? பாப்பா சொன்னாள்: குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும், ஸ்கூல் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை, நாற்றம், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலையிலிருந்து மூன்றரை மணி வரை பிள்ளை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டார். இதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் அவர் ஒரு நாள் சாப்பாட்டை வரிசையாகச் சொல்லச் சொன்னார். காலையில் பெரிய டம்ளரில் பால், அதில் மால்ட் பவுடர். அரை தோசை. இடைவேளைக்கு கிரீம் பிஸ்கட். மதியம் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவள் ஸ்கூலில் போன் இல்லாததால் பாதி டப்பாவை மீதம் கொண்டு வருவாள். மாலை பேக்கரி பஃப்ஸ், அல்லது தேங்காய் பன். ராத்திரி நூடுல்ஸோ இட்லியோ, மறுபடியும் பால், மறுபடியும் பவுடர். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்து கடைசியில் பேனாவை வைத்துவிட்டார். "இதுல கடிச்சு மெல்ற மாதிரி எதுனா ஒண்ணு சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். எங்களுக்கு வாயே வரவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.4. இந்த வயதுக்கு 11.5-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. தினமும் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்கா என்று எனக்கு ஆச்சரியம். அவருக்கு இல்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, உணவிலிருந்து வரும் இரும்பு உடம்பில் சேர்வதையும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து தடுக்கிறது, பாலே வயிற்றை நிறைத்துவிடுவதால் மற்றது உள்ளே போவதில்லை என்றார். மலச்சிக்கலுக்கும் அதிகப் பால் ஒரு காரணம் ஆகிறதாம். இரும்பு மருந்தை உடனே தரவில்லை. அதுவே சில பிள்ளைகளுக்கு மலத்தை இறுக்கும், முதலில் இது சரியாகட்டும் என்றுவிட்டார்.

அன்று ராத்திரி பவுடர் டப்பாவைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். செப்புக் கம்பி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. டப்பாவில் ஒரு வேளைக்கு 20 கிராம் என்று போட்டிருந்தது. என் மனைவி வழக்கமாகப் போடுகிற குவியல் மூன்று ஸ்பூனைப் போட்டுப் பார்த்தால் 31 கிராம். நூறு கிராமில் சர்க்கரை 32 என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு வேளைக்கு ஏறக்குறைய 20 கிராம், அது போதாதென்று டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை தனியாக. முப்பது வந்துவிட்டது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் சேர்க்கும் சர்க்கரை பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரி சாப்பிடுகிற பிள்ளைக்கு ஐந்து சதவீதம் என்பது 19 கிராம்தான். பிஸ்கட்டையும் பன்னையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று ஏப்ரல் 2024-இல் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. செய்தியில் படித்திருந்தேன். படித்துவிட்டு அந்த மாதமும் ஒரு டப்பா வாங்கினேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். நேராக அங்கே போய்விடவில்லை. முதலில் ஆன்லைனில் "சிறுதானிய குக்கீஸ்" என்று ஒன்று வரவழைத்தோம், 240 ரூபாய். பாக்கெட்டின் முன்னால் ராகிக் கதிர் படம். பின்னால் முதலில் எழுதியிருந்தது கோதுமை மைதா, அடுத்தது சர்க்கரை, மூன்றாவது பாமாயில், அதற்கப்புறம்தான் ராகி 11 சதவீதம். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி என்பதால் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. பிறகு வீட்டில் ராகிக் களி கிளறினோம். பாப்பா வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, பாப்பாமேல் இல்லை, என்மேல். "வேற வழியில்லாம நாங்க தின்னதுடா அது. அரிசிச் சோறு அமாவாசைக்கும் நோம்பிக்கும்தான். உன்னையப் பாலும் பிஸ்கோத்துமா வளர்க்கோணும்னு எத்தன பாடுபட்டேன், நீ எம் பேத்திக்குக் களியத் திங்கக் குடுக்கற." பென்ஷன் பணத்தில் பேத்திக்குக் கிரீம் பிஸ்கட் வாங்கி வைப்பது அம்மாதான். அதில் அம்மாவின் தப்பு என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்த பிஸ்கட் பாக்கெட் நாங்கள் கரையேறிவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி.

கோயமுத்தூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் பேக்கரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு இரண்டு இருக்கும். நாமே டீ குடிக்க நிற்பது அங்கேதான். நிற்கிற நேரத்தில் பிள்ளை கண்ணாடிப் பெட்டியைக் காட்டும், நாம் ஒரு பஃப்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருவோம். மைதாவை வனஸ்பதி தடவித் தடவி மடித்தால்தான் அந்த அடுக்கு வரும். அதில் நார்ச்சத்து ஒன்றிரண்டு கிராம் தேறினால் அதிகம். பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருவதுதான் ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்து கிராம் கணக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்கு 13. அவித்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏழுக்கு மேல் இருக்கிறது, அவித்த கடலைக்காய்ப் பருப்பில் எட்டுக்கு மேல். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேப்பமரத்தடி வண்டி என் கண்ணிலேயே பட்டது. அதற்கு முன்பு நாலைந்து வருடமாக அதைத் தாண்டித்தான் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அக்கா ஒரு கடலைக்காயை எடுத்து, முனையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். டப்பென்று வாய் திறந்து உள்ளேயிருந்த உப்புத்தண்ணீர் பாப்பாவின் மூக்கில் பீச்சியடித்தது. "தண்ணிய மொதல்ல உறிஞ்சோணும் கண்ணு, அப்புறந்தான் பருப்பு." அவ்வளவுதான், பிள்ளை மடங்கிவிட்டாள். மரத்தடியில் ஒரு கல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு ஒரு உழக்குக் கடலைக்காயை உரித்துத் தின்ன அவளுக்கு அன்று இருபத்தைந்து நிமிடம் ஆனது. இளசாக இருந்தால் தோலோடு மெல்லலாம் என்பதை மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். ஒரு தொலியில் மூன்று பருப்பு இருந்தால் எனக்குக் காட்டுவாள். நாலு கிடைத்தால் எனக்குத் தர மாட்டாள்.

இந்த வண்டியின் சிறப்பு என்று நான் சொல்ல வருவது இதைத்தான். கடலைக்காய் உரிக்க இரண்டு கையும் வேண்டும், அதுவும் ஈரக்கை. போனைத் தொட முடியாது. பஃப்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளலாம். நூடுல்ஸ், பிஸ்கட், சிப்ஸ், டம்ளர் பால் எல்லாமே அப்படித்தான். ஒரு கைக்கு மட்டும் வேலை, பல்லுக்கு வேலையே இல்லை, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எங்கள் வீட்டில் மாறிப்போனது சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; சாப்பிட எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடவே போயிருக்கிறது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் ஸ்கூல் பாத்ரூமைப் பற்றி மீதிக் கதையும் வந்தது. இடைவேளையில் மூன்று பேராகச் சேர்ந்து போவார்களாம், ஒருத்தி உள்ளே, இரண்டு பேர் வெளியே கதவுக்குக் காவல். ஒருத்தி லீவு போட்டால் அன்று யாரும் போவதில்லை.

மற்ற அயிட்டங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் பதமாக வேகிறது, நசுங்குகிற அளவுக்கு இல்லை. தேங்காய் தாராளம். மாங்காய் வரத்து இருக்கும்போது துருவிப் போடுகிறார். கேட்டால் அரை மூடி எலுமிச்சை பிழிவார், கண்டிப்பாகக் கேளுங்கள். பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி உதவும். கூடவே டீ வாங்கிக் குடித்தால் அந்த வேலை கெடும். தட்டைப்பயறு எனக்கு இன்னும் பிடிக்கும், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்ததில் வாசனை தெருமுனைக்கு வரும். கொள்ளு பிள்ளைகளுக்குப் பிடிக்காது, வீணாக வாங்காதீர்கள். குச்சிக்கிழங்கு வயிற்றை நிரப்பும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கடலைக்காய் பச்சைக்காய் வருகிற மாதங்களில்தான் பிரமாதம். மற்ற நாளில் காய்ந்ததை ஊறவைத்து அவிக்கிறார், அந்தத் தண்ணீர் பீச்சும் சங்கதி இருக்காது. கறுத்ததோ கசப்பதோ வாயில் பட்டால் துப்பச் சொல்லிப் பழக்குங்கள், பூஞ்சை பிடித்த கடலை நல்லதில்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் மாட்டிக்கொள்ளும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை உப்பு. கடலைக்காயில் அள்ளிப் போடுகிறார். சொன்னேன். "உப்புக் கம்மின்னா யாருங்க வாங்குவாங்க" என்றார். இரண்டாவது, பொட்டலம். நியூஸ் பேப்பரில் சூடான சுண்டலைக் கட்டித் தருகிறார். அச்சு மை உணவில் இறங்கும், ஈயம் போன்ற உலோகங்கள் அதில் உண்டு என்று செப்டம்பர் 2023-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை என்று நான் வீட்டிலிருந்து ஒரு சின்னத் தூக்குப்போசி எடுத்துக்கொண்டு போகிறேன். போசியைப் பார்த்தால் ஒரு கரண்டி கூடவே போடுகிறார், அது தனி லாபம்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய குறை. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் அதே வண்டியில் காலிஃபிளவர் பக்கோடா போடுகிறார். டியூப்லைட் வெளிச்சத்திலும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. எண்ணெயும் எத்தனையாவது கொதியோ. ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததால்தானே பிப்ரவரி 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது? இவர் போடுவது என்ன பொடி என்று கேட்டேன், கடையில் கொடுக்கிற கலர்ப்பொடி என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஏன் போடுகிறீர்கள் என்றால், கணக்கு சொன்னார்: சுண்டலில் ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மிஞ்சினால் பெரிது, பக்கோடா இருக்கும் நாளில் அது இரட்டிப்பு. பாப்பா வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பது அந்தப் பக்கம்தான். சுண்டல் குண்டாவின் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல டாக்டரிடம் போய் வந்தவர்களாகத்தான் இருக்கும்.

வண்டியோடு இலவசமாகக் கிடைக்கிற இன்னொன்று, நடை. போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். முதல் வாரம் பைக்கில் போனோம். பிறகு பெட்ரோல் இல்லாத ஒரு நாள் நடந்து போனதில், வழியில் ஒரு நாய்க்குட்டி அறிமுகமாகி, அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தினமும் நடை என்றாகிவிட்டது. அவள் நடப்பதில்லை, ஓடுகிறாள், நான்தான் நடக்கிறேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டமோ ஆட்டமோ வேண்டும் என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் பம்பரம் விட்ட காலி சைட்டில் இப்போது மூன்று மாடி நிற்கிறது, கீழே கார் பார்க்கிங். அங்கே பந்து உருட்டினால் வாட்ச்மேன் விரட்டுவார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சுண்டல் தின்று எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் பொய். முதல் ஆறு வாரம் மலமிளக்கி மருந்துதான் வேலை செய்தது, டாக்டர் சொன்ன அளவில், அவர் சொன்ன நாள் வரை. காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் டாய்லெட்டில் உட்கார வைக்கச் சொன்னார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாதாம். பட்டறையிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே வைத்தேன். பால் ஒரு டம்ளராகக் குறைந்தது, பவுடர் போய்விட்டது, அதற்கு ஒரு வாரம் அழுகை. மருந்தை நிறுத்தின பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் போகிறாள். காலை வயிற்றுவலி இப்போது இல்லை. ஹீமோகுளோபின் போன மாதம் 11.3, இரும்பு மருந்தும் நடுவில் தொடங்கினார்கள், எனவே அதை வண்டிக் கணக்கில் எழுத மாட்டேன். ஸ்கூல் பாத்ரூமில் இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை ஸ்க்ரூடிரைவரோடு நானே போகலாமா என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பஃப்ஸ் உண்டு. அது எங்களுக்குள் ஒப்பந்தம். அம்மா இப்போதும் பிஸ்கட் வாங்கி வைக்கிறார், ஆனால் அவரும் இரண்டு முறை எங்களோடு நடந்து வந்து, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, பாப்பாவைவிட வேகமாகக் கடலைக்காய் உரித்தார். பொக்கை வாய்க்குக் கடிபடாது, பருப்பையெல்லாம் பேத்திக்குத்தான் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மாலை நாலே முக்காலுக்கு வண்டி வரும், ஆறரைக்குள் போனால் கடலைக்காய் கிடைக்கும், ஏழரைக்குச் சுண்டலும் தீர்ந்துவிடும். மழை நாளிலும் அமாவாசையிலும் வர மாட்டார். க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் பணம் வந்ததா என்று ஊரிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கொடுப்பார். சில்லறையாகக் கொண்டு போங்கள், போசியும். என் கணக்கில் ஐந்துக்கு நாலு. உப்புக்கு அரை, கலர்ப்பொடிக்கு அரை குறைத்தேன். பாப்பாவைக் கேட்டேன். மூன்று போடச் சொன்னாள். ஏன் என்றால், நாலு பருப்புக் கடலைக்காய் இந்த வாரம் ஒன்றுகூட வரவில்லையாம்.